கல் தெரியவில்லை என்றால் கல் இல்லை என்று பொருளா?

கணைய அழற்சிக்குக் காரணமான பித்தக்கல்லைத் தேட மருத்துவர்களிடம் பல கருவிகள் இருக்கின்றன. எது எதைப் பார்க்கும், எதைத் தவறவிடும்?

திருமண விருந்து முடிந்து வீடு திரும்பியவருக்கு நள்ளிரவில் மேல்வயிற்றில் வலி தொடங்குகிறது. வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் பார்க்கிறார். வலி குறையவில்லை. முதுகுப் பக்கமும் ஊடுருவுகிறது. வாந்தி வேறு. நேராகப் படுக்க முடியாமல், முன்னால் குனிந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகிறார்.

இரத்தப் பரிசோதனையில் லைப்பேஸ் என்ற நொதியின் அளவு இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் எகிறியிருக்கிறது. வலியும் இந்த அளவும் சேர்ந்தால் போதும், நோய் இன்னதென்று முடிவாகிவிடும். திடீர்க் கணைய அழற்சி.

மருத்துவர் இரண்டு கேள்விகள் கேட்கிறார். “குடிப்பழக்கம் உண்டா?” “பித்தப்பையில் கல் இருப்பதாக முன்பு யாராவது சொல்லியிருக்கிறார்களா?” இரண்டுக்கும் “இல்லை” என்பதே பதில். வயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். ‘பித்தப்பையில் கல் எதுவும் தெரியவில்லை’ என்று அறிக்கை வருகிறது. ஐந்து நாளில் வலி அடங்கிவிடுகிறது. குடும்பத்தார் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

இவர் நாம் எடுத்துக்காட்டுக்காக உருவாக்கிக்கொண்ட நோயாளிதான். ஆனால் இவரைப் போன்றவர்கள் எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய எதிர்காலம் அந்த அறிக்கையின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அறிக்கை ‘கல் தெரியவில்லை’ என்றுதான் சொல்கிறது. குடும்பத்தார் காதில் அது ‘கல் இல்லை’ என்று விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

பித்தக்கல்லுக்கும் கணையத்துக்கும் என்ன உறவு?

கல் உருவாவது பித்தப்பையில். அழற்சி வருவது கணையத்தில். வேறு வேறு உறுப்புகள். இவற்றை இணைப்பது ஒரு குழாய்.

கல்லீரல் சுரக்கும் பித்தநீர், பித்தநாளம் என்ற குழாய் வழியாகச் சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலுக்கு வருகிறது. கணையம் சுரக்கும் செரிமான நீரும் தனக்கென ஒரு குழாய் வழியாக அதே இடத்துக்குத்தான் வருகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு குழாய்களும் கடைசியில் சேர்ந்து ஒரே சிறு வாசல் வழியாகக் குடலுக்குள் திறக்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவி வரும் கல் அந்த வாசலில் சிக்கிக்கொண்டால் பித்தநீரும் தேங்கும், கணைய நீரும் தேங்கும். குடலுக்குப் போய் உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. உறுப்பு தன்னைத்தானே அரிக்க ஆரம்பிக்கிறது.

இந்தத் தொடர்பை 1901ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய இளம் நோயியல் மருத்துவர் யூஜீன் ஓப்பி. கணைய அழற்சியால் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது, அந்தப் பொது வாசலில் ஒரு சிறு கல் அடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பித்தநீர் கணையக் குழாய்க்குள் திரும்பிப் பாய்வதால் நோய் வருகிறதா, கணைய நீர் தேங்குவதால் வருகிறதா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. கல்தான் குற்றவாளி என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. திடீர்க் கணைய அழற்சிக்கு உலக அளவில் முதன்மையான காரணம் பித்தக்கல்தான். பல நாடுகளில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு இதுவே காரணம். அடுத்த இடத்தில் மது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகமாவது, சில மருந்துகள், கால்சியம் கூடுவது ஆகியவை அதற்குப் பின்னால் வருகின்றன.

சம்பவ இடத்தில் நிற்காத கல்

அப்படியானால் ஸ்கேன் எடுத்தவுடன் கல் கண்ணில் பட வேண்டியதுதானே? இங்குதான் சிக்கல்.

1974ஆம் ஆண்டு அர்ஜென்டினாவைச் சேர்ந்த மருத்துவர்கள் அக்கோஸ்டாவும் லெடெஸ்மாவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி சல்லடை. பித்தக்கல்லால் கணைய அழற்சி வந்த 36 நோயாளிகளின் மலத்தைச் சலித்துப் பார்த்தார்கள். 34 பேரின் மலத்தில் கற்கள் கிடைத்தன. பித்தப்பையில் கல் இருந்தும் கணைய அழற்சி வராத 36 பேரை அதேபோல் சோதித்தபோது மூவரிடம் மட்டுமே கல் கிடைத்தது.

முகம் சுளிக்க வைக்கும் ஆய்வுதான். ஆனால் மருத்துவர்களின் பார்வையையே அது மாற்றியது. கணையத்தைத் தாக்கும் கல் பெரும்பாலும் வாசலில் கொஞ்ச நேரம் சிக்கி நின்றுவிட்டு, தானாகவே குடலுக்குள் விழுந்து போய்விடுகிறது. நோயாளி மருத்துவமனைக்கு வந்து, இரத்தப் பரிசோதனை முடிந்து, ஸ்கேன் அறைக்குப் போகும்போது அந்தக் கல் அங்கே இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குறுகிய பாதைகள் வழியாக இறங்கி வர முடிந்த கல் சின்னதாகத்தான் இருக்கும். பெரிய கல் பித்தப்பையிலேயே கிடக்கும். ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு கற்கள்தான் கணையத்துக்கு அதிக ஆபத்து. அவைதான் ஸ்கேனில் தப்பிப்பதிலும் கெட்டிக்காரக் கற்கள்.

ஆகவே மருத்துவர் உண்மையில் தேடுவது இரண்டு விடைகளை. ஒன்று, பித்தப்பையில் இன்னும் கற்கள் இருக்கின்றனவா? இருந்தால் நோயின் காரணம் தெரிந்துவிடும், அடுத்த தாக்குதலைத் தடுக்கலாம். இரண்டு, பித்தநாளத்தில் இந்த நிமிடம் ஒரு கல் அடைத்துக்கொண்டிருக்கிறதா? இருந்தால் அவசரமாக ஏதாவது செய்ய வேண்டும். எந்தக் கருவி சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தக் கேள்விக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதலில் அல்ட்ராசவுண்ட்

வயிற்றின் மேல் பசை தடவி, கையடக்கக் கருவியை நகர்த்தி எடுக்கும் ஸ்கேன் இது. நம் காதுக்கு எட்டாத ஒலி அலைகளை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. பித்தநீர் வெறும் திரவம் என்பதால் திரையில் கறுப்பாகத் தெரியும். கல் ஒலியைத் திருப்பி அடிப்பதால் வெள்ளைப் புள்ளியாக மின்னும். அதன் பின்னால் ஒலி போகாது என்பதால் ஒரு கரும் நிழல் விழும். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால் கல்லும் உருளும். மின்னும் புள்ளி, நிழல், உருளல் மூன்றும் சேர்ந்தால் அது கல்லேதான்.

கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவு குறைவு, படுக்கைக்கே கொண்டு வந்தும் எடுக்கலாம். சாதாரண நாளில், வெறும் வயிற்றோடு வருபவரிடம் பித்தப்பைக் கற்களை நூற்றுக்கு 95 வரை கண்டுபிடித்துவிடும். கணைய அழற்சியோடு வரும் எல்லாருக்கும் முதலில் இதையே எடுக்க வேண்டும் என்று அனைத்துலக மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

ஆனால் கணைய அழற்சி நாள் சாதாரண நாள் அல்ல. கணையம் வீங்கும்போது அருகிலுள்ள குடல் இயக்கத்தை நிறுத்திவிடுகிறது. குடலில் காற்று தேங்கி வயிறு உப்புகிறது. ஒலி அலைக்குக் காற்றுதான் பெரிய எதிரி. அதைத் தாண்டி ஒலி உள்ளே போகாது. நோயாளிக்கோ வலி தாங்கவில்லை. கருவியை அழுத்த விடமாட்டார், மூச்சை இழுத்துப் பிடிக்க முடியாது, புரண்டு படுக்கவும் முடியாது. இதனால் அதே ஸ்கேனின் திறன் இந்த நேரத்தில் நூற்றுக்கு 70 அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியைப் பார்ப்பது இன்னும் கடினம். அது முன்சிறுகுடலுக்குப் பின்னால், கணையத் தலைக்குள் புதைந்து ஓடுகிறது. கல் சிக்குவதும் அங்கேதான். அல்ட்ராசவுண்ட் அங்கே பெரும்பாலும் நாளம் விரிந்திருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும், கல்லைக் காட்டாது.

ஒரு சின்னக் கணக்கு

இந்த 70 என்ற எண் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக எண்களை முழுமைப்படுத்திக்கொள்வோம்.

திடீர்க் கணைய அழற்சியோடு 100 பேர் வருகிறார்கள். 40 பேருக்குக் காரணம் பித்தக்கல். ஸ்கேன் அவர்களில் 28 பேரிடம் கல்லைக் காட்டுகிறது, 12 பேரிடம் தவறவிடுகிறது. ஆக, ‘கல் தெரியவில்லை’ என்ற அறிக்கை 72 பேர் கையில் இருக்கிறது. அவர்களில் 60 பேருக்கு உண்மையிலேயே கல் காரணமில்லை. 12 பேருக்குக் கல்தான் காரணம். ஆறில் ஒருவர்.

இப்போது அந்த 60 பேரில் 45 பேருக்கு மது, கொழுப்பு, மருந்து என்று வேறு காரணம் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களை ஒதுக்கினால் மிச்சம் 27 பேர். எந்தக் காரணமும் தெரியாதவர்கள். அந்த 27 பேரில் 12 பேர் ஸ்கேன் தவறவிட்ட கல்லைச் சுமப்பவர்கள். ஏறக்குறைய பாதி!

நாம் தொடக்கத்தில் பார்த்தவர் இந்த 27 பேரில் ஒருவர். மது இல்லை, ஸ்கேனில் கல் இல்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்புவது, நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தலையா பூவா என்று பார்க்காமலே போவதற்குச் சமம்.

இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்கேனில் கல் தெரியவில்லை என்றதும், “அப்படியானால் குடித்திருப்பார்” என்ற முடிவுக்கு உறவினர்கள் தாவிவிடுவது வழக்கம். குடிக்கவே குடிக்காத ஒருவர் மீது அந்தப் பழி விழுந்தால், உடல் வலியோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது. உண்மையான காரணத்தைத் தேடுவதும் அங்கேயே நின்றுபோகிறது.

இரத்தம் சொல்லும் துப்பு

அடுத்த கருவிக்குப் போகும் முன் ஏற்கனவே கையில் இருக்கும் ஒரு தகவலைப் பார்க்க வேண்டும். கல்லீரல் பரிசோதனையில் வரும் ஏஎல்டி என்ற நொதியின் அளவு அது. பித்தநாளம் சற்று நேரம் அடைபட்டாலும் கல்லீரல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏஎல்டி அளவு ஒரு லிட்டருக்கு 150 அலகுக்கு மேல், அதாவது இயல்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்ந்திருந்தால், அந்தக் கணைய அழற்சிக்குக் கல்லே காரணமாக இருக்கும் வாய்ப்பு 95 விழுக்காடு என்று 1994இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

ஆனால் இது ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி. அளவு உயர்ந்திருந்தால் கல் என்று நம்பலாம். உயரவில்லை என்பதற்காகக் கல் இல்லை என்று சொல்ல முடியாது. கல்லால் பாதிக்கப்பட்ட பலருக்கு இது அந்த அளவுக்கு ஏறுவதே இல்லை. முதல் நாளிலேயே எடுக்கவும் வேண்டும். கல் விலகிவிட்டால் அளவு சில நாள்களில் இறங்கிவிடும்.

சிடி ஸ்கேன்: விலை கூடியது, ஆனால் இதற்கு அல்ல

“ஏன் சிடி ஸ்கேன் எடுக்கக்கூடாது? அதில் எல்லாம் தெரியுமே!” என்று பலரும் கேட்பார்கள். சிறுநீரகக் கல் சிடியில் பளிச்சென்று தெரியும் என்பதால் வந்த நம்பிக்கை இது. பித்தக்கல் அப்படியல்ல.

சிடி, எக்ஸ்ரே கதிர்களைப் பயன்படுத்துகிறது. கதிரைத் தடுக்கும் சுண்ணாம்புச் சத்து இருந்தால் கல் வெள்ளையாகத் தெரியும். சிறுநீரகக் கற்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. பித்தக்கற்களில் பல, கொலஸ்டிரால் கொழுப்பு இறுகி உருவானவை. அவற்றின் அடர்த்தியும் சுற்றியுள்ள பித்தநீரின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீரில் கிடக்கும் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாததுபோல அவை பித்தநீரில் மறைந்துவிடும். தலசீமியா போன்ற இரத்த நோயுள்ளவர்களுக்கு உருவாகும் கறுப்பு நிறமிக் கற்களில் சுண்ணாம்புச் சத்து இருப்பதுண்டு. அவை சிடியில் தெரிய வாய்ப்பு அதிகம். மொத்தத்தில், பித்தப்பைக் கல்லைத் தேடுவதில் விலை குறைந்த அல்ட்ராசவுண்ட் சிடியை முந்திவிடுகிறது.

சிடிக்கு வேறு முக்கியமான வேலை இருக்கிறது. கணையத்தின் எந்தப் பகுதி இரத்த ஓட்டம் இழந்து அழிந்திருக்கிறது, எங்கே நீர் கோத்திருக்கிறது என்பதை அது காட்டும். அந்த மாற்றங்கள் தெளிவாகத் தெரிய மூன்று நாள் வரை ஆகும். எனவே நோய் பற்றிய சந்தேகம் இருந்தாலோ, நோயாளியின் நிலை மோசமானாலோ தவிர, முதல் நாளே சிடி எடுப்பதால் பெரும் பயன் இல்லை. சிடியில் கல் தெரியவில்லை என்பதை வைத்துக் கல்லை விலக்கவே கூடாது.

எம்ஆர்சிபி: தேங்கிய நீரின் படம்

எம்ஆர்ஐ இயந்திரத்தில் பித்தநாளங்களையும் கணைய நாளத்தையும் மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டும் முறைதான் எம்ஆர்சிபி. ஜெர்மானிய மருத்துவர்கள் இதை 1991இல் முதன்முதலாக விவரித்தார்கள்.

இதன் தந்திரம் எளிமையானது. காந்தப் புலத்தில் உடல் வெளியிடும் சமிக்ஞையை வேண்டுமென்றே தாமதமாகப் பதிவு செய்கிறார்கள். அதற்குள் திசுக்களின் சமிக்ஞை மங்கிவிடும். அசையாமல் நிற்கும் திரவத்தின் சமிக்ஞை மட்டும் நீடிக்கும். படத்தில் பித்தநாளம் வெள்ளை மரக்கிளைபோல ஒளிரும். அதற்குள் கல் இருந்தால் கறுப்பு ஓட்டையாகத் தெரியும். சாய மருந்து ஏற்ற வேண்டியதில்லை, கதிர்வீச்சு இல்லை, உடலுக்குள் எந்தக் குழாயும் நுழைவதில்லை.

குறைகளும் உண்டு. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் நழுவிவிடலாம். நாளத்தின் கடைசி நுனியில் சிக்கிய கல்லைச் சுற்றித் திரவம் இல்லாவிட்டால் அது தெரியாது. காற்றுக் குமிழி கல்லைப்போல ஏமாற்றலாம். கணையத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அந்த வெளிச்சம் நாளத்தை மறைத்துவிடும். மூச்சைப் பிடிக்க முடியாதவருக்குப் படம் கலங்கும். சிலவகை இதயமுடுக்கிகள் பொருத்தியவர்களும், குறுகிய இடத்தில் அச்சப்படுபவர்களும் உள்ளே படுக்க முடியாது.

எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட்: அருகில் போய்ப் பார்ப்பது

வயிற்றுக்கு வெளியிலிருந்து பார்க்கும்போது குடலின் காற்று மறைக்கிறது. அப்படியானால் உள்ளே போய், காற்றைத் தாண்டிப் பார்த்தால் என்ன? இந்த எண்ணத்தில் 1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உருவானதுதான் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட். சுருக்கமாக இயுஎஸ்.

வாய் வழியாகச் செலுத்தும் வளையும் குழாயின் நுனியில் ஒரு சிறு ஒலிக்கருவி இருக்கும். குழாய் முன்சிறுகுடலை அடைந்ததும், பித்தநாளம் குடல் சுவருக்கு அடுத்த பக்கத்தில், சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். இவ்வளவு அருகில் என்பதால் அதிக அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்தலாம். வயிற்றின் மேல் வைக்கும் கருவி வழக்கமாக 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் இயங்கும். இயுஎஸ் 7.5 முதல் 12 வரை போகும். அதிர்வெண் கூடினால் ஒலி அதிக ஆழம் போகாது, ஆனால் படம் நுணுக்கமாகும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கல்லும், கல்லாகத் திரளும் முன் இருக்கும் பித்த வண்டலும் இதில் தெரியும். பித்தப்பையையும் சேர்த்தே பார்க்கலாம். மற்ற ஸ்கேன்களில் எதுவும் தெரியாமல் ‘காரணம் தெரியாதவர்’ என்று ஒதுக்கப்பட்டவர்களில் கணிசமானவர்களிடம் நுண்கற்களை இதுவே கண்டுபிடிக்கிறது.

விலை என்ன? நோயாளிக்கு மயக்கம் தர வேண்டும். கைதேர்ந்த நிபுணர் வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே கிடைக்கும். உடல் எடை குறைப்புக்காக இரைப்பையைச் சுற்றுவழியாக மாற்றி அறுவை செய்துகொண்டவர்களுக்குக் குழாய் அந்த இடத்தை எட்டாது.

இரண்டில் எது துல்லியம்? பித்தநாளக் கற்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுகளின்படி, கல் உள்ள நூறு பேரில் இயுஎஸ் 95 பேரைக் கண்டுபிடிக்கிறது, எம்ஆர்சிபி 93 பேரை. வயிற்றின் மேல் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் 73 பேரை. இவை கணைய அழற்சியுள்ளவர்களை மட்டும் வைத்து எடுத்த எண்கள் அல்ல. பித்தநாளக் கல் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட பொதுவான நோயாளிகளுடையவை. முதல் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் மிகக் குறைவு. கல் சிறியதாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் வலுவாக இருக்கும்போதுதான் இயுஎஸ் முந்துகிறது.

இஆர்சிபி: தேடவா, எடுக்கவா?

1968இல் அமெரிக்காவில் அறிமுகமான இஆர்சிபி முறையில், வாய்வழிக் குழாய் மூலம் அந்தப் பொது வாசலுக்குள் மெல்லிய குழலைச் செலுத்தி, சாயம் பாய்ச்சி எக்ஸ்ரே எடுப்பார்கள். 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இதே வழியில் வாசலைச் சற்றே வெட்டி அகலமாக்கிக் கல்லை எடுக்கும் முறை வந்தது. வயிற்றைக் கிழிக்காமலே கல்லை எடுக்க முடிந்தது பெரும் சாதனை.

ஆனால் இதற்கு ஒரு முரண் உண்டு. கணைய அழற்சியின் காரணத்தைத் தேடச் செய்யும் இந்தச் சோதனையே கணைய அழற்சியை உண்டாக்கலாம். நூறு பேரில் சுமார் 3 முதல் 10 பேர் வரை அப்படிப் பாதிக்கப்படுகிறார்கள். இரத்தக் கசிவு, குடலில் துளை விழுதல் ஆகியவையும் அரிதாக நேரும். எனவே ‘கல் இருக்கிறதா பார்ப்போம்’ என்பதற்காக மட்டும் இதைச் செய்யும் காலம் போய்விட்டது. எம்ஆர்சிபியும் இயுஎஸ்சும் பார்க்கட்டும், எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் இஆர்சிபி. இன்றைய விதி இதுதான்.

கல்லால் கணைய அழற்சி வந்த எல்லாருக்கும் அவசரமாக இதைச் செய்தால் நல்லதா என்பதும் சோதிக்கப்பட்டது. 1993இல் ஹாங்காங் மருத்துவர்கள் கணைய அழற்சியோடு வந்த 195 பேரிடம் நடத்திய ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் இஆர்சிபி செய்தவர்களுக்குப் பித்தநாளக் கிருமித்தொற்று குறைந்தது. நெதர்லாந்தில் சுமார் 230 நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளிவந்த ஆய்வு, பித்தநாளத் தொற்று இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. நோய் கடுமையாகும் அறிகுறி உள்ளவர்களாக இருந்தும், அவசர இஆர்சிபி அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை. கல்தான் பெரும்பாலும் தானே விலகிவிடுகிறதே! குளிர்காய்ச்சலும் மஞ்சள்காமாலையும் சேர்ந்து, நாளத்தில் கிருமித்தொற்று இருப்பது தெரிந்தால் மட்டும் காத்திருக்கக்கூடாது. அப்போது நேராக இஆர்சிபிக்குப் போவதே உயிர் காக்கும்.

கல்லைக் கண்டுபிடித்து என்ன பயன்?

வலி அடங்கிவிட்டது, கல்லும் போய்விட்டது, பிறகு எதற்கு இவ்வளவு தேடல் என்று கேட்கலாம். போனது ஒரு கல்தான். அது புறப்பட்ட பை அங்கேயே இருக்கிறது. அதில் இன்னும் கற்கள் இருந்தால் அடுத்தது எப்போது நழுவும் என்று யாருக்கும் தெரியாது. முதல் தாக்குதல் மிதமாக இருந்தது என்பதற்காக இரண்டாவதும் அப்படியே இருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஐந்தில் நான்கு பேருக்கு மிதமாக வந்துபோகும் இந்த நோய், மீதிப் பேரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகக்கூடியது.

நெதர்லாந்திலிருந்து 2015இல் வந்த இன்னொரு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கல்லால் மிதமான கணைய அழற்சி வந்த 266 பேரில் ஒரு பாதிக்கு அதே மருத்துவமனைத் தங்கலிலேயே பித்தப்பை அகற்றப்பட்டது. மறு பாதிக்குச் சுமார் ஒரு மாதம் கழித்து. ஆறு மாதத்துக்குள் பித்தக்கல் சிக்கலால் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் முதல் குழுவில் 5 விழுக்காடு, இரண்டாவது குழுவில் 17 விழுக்காடு. ஒரு மாதத் தாமதத்துக்கே இந்த விலை என்றால், கல் இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தேடலிலும் எச்சரிக்கை தேவை. மேலை நாடுகளில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் அதை உணர்வதே இல்லை. ஆகவே ஸ்கேனில் கல் தெரிந்தாலும் மற்ற காரணங்களைக் கேட்டு விலக்க வேண்டும். அதேபோல, பல நாள் வாய்வழி உணவே இல்லாமல் கிடந்தவருக்குப் பித்தநீர் தேங்கி வண்டல் படியலாம். அது நோயின் காரணமாக இல்லாமல், பட்டினியின் விளைவாகவும் இருக்கலாம்.

வரிசையும் பொறுமையும்

இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று போட்டியிடுபவை அல்ல, வரிசையாகப் பயன்படுபவை. வந்த நாளில் இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும். கல் தெரிந்தால் காரணம் கிடைத்தது. நாளத்தில் இன்னும் கல் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எம்ஆர்சிபி அல்லது இயுஎஸ். அங்கே கல் உறுதியானால் இஆர்சிபி. முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, வேறு காரணமும் இல்லை என்றால், வீக்கமும் காற்றும் அடங்கிய பிறகு அல்ட்ராசவுண்டை மீண்டும் எடுக்க வேண்டும். அதே கருவி, அதே வயிறு, ஆனால் காற்று விலகிய வயிறு. செலவு மிகக் குறைந்த இந்த இரண்டாவது பார்வையே பல கற்களைக் கண்டுபிடித்துவிடும். அதிலும் இல்லை என்றால் இயுஎஸ். அதன் பிறகும் விடை கிடைக்காவிட்டால் எம்ஆர்சிபி.

நம் எடுத்துக்காட்டு நோயாளியிடம் திரும்புவோம். வீட்டுக்குப் புறப்படும் முன் அவரோ அவர் பிள்ளைகளோ மூன்று கேள்விகள் கேட்டிருக்கலாம். “டாக்டர், முதல் நாள் ஏஎல்டி எவ்வளவு இருந்தது?” “ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பை தெளிவாகத் தெரிந்ததா, காற்று மறைத்ததா?” “மறுபடியும் எப்போது ஸ்கேன் எடுக்க வர வேண்டும்?” இவை மருத்துவரைச் சோதிக்கும் கேள்விகள் அல்ல. வேலைப்பளு மிகுந்த வார்டில் நழுவிப்போகக்கூடிய ஒரு நூலைப் பிடித்து வைக்கும் கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு ஒரு தேதி விடையாகக் கிடைத்தால், அதை நாள்காட்டியில் குறித்து வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அன்று வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். காலைப் பசியாறலை மட்டும் ஸ்கேன் முடியும்வரை தள்ளி வைத்தால் போதும்.